எத்தியோப்பியாவில் ஊர்ச் சாப்பாடு தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஆப்பிரிக்கா போகிறேன், அங்கத்திச் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும்?" என்று யாராவது கேட்டால், எந்த நாடு என்று திருப்பிக் கேட்பதுதான் என் வழக்கம். 54 நாடுகள் உள்ள கண்டம் அது. கானாவில் மதியம் பசித்தால் 'சாப் பார்' என்கிற சின்னச் சாப்பாட்டுக் கடையைத் தேட வேண்டும். செனகலில் ஒரே பெரிய தட்டில் மீன் சோறு வரும், சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். உகாண்டாவில் வாழைக்காயை இலையில் கட்டி அவித்து மசித்த மதோக்கே. ஒரு நாட்டுக்குச் சொன்ன வழி பக்கத்து நாட்டுக்கே உதவாது.

எனக்குக் கொஞ்சம் பழக்கப்பட்டது எத்தியோப்பியா. சில முறை போய்வந்து, தப்பாகக் கேட்டு, தப்பான நேரத்தில் போய் நின்று கற்றுக்கொண்டது. அங்கே போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஊரில் நல்ல கடை எது என்று தேடுவதற்கு முன் இன்றைக்கு என்ன கிழமை என்று பாருங்கள்.

கிழமைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் விரதம் இருப்பார்கள். 'ட்சோம்' என்பார்கள். இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. பக்தி மிகுந்தவர்கள் மதியம் வரை, சிலர் மூன்று மணி வரைகூட, பச்சைத் தண்ணீரும் தொடமாட்டார்கள். 2007ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் 43.5 சதவீதம். ஆக, பாதிக் கூட்டம் வாரத்தில் இரண்டு நாள் தாவரச் சாப்பாடு மட்டுமே சாப்பிடுகிறது என்றால் கடைக்காரர் அதற்குத் தகுந்தபடிதானே அடுப்பு மூட்டுவார்?

வாராந்திர விரதம் போக நீண்ட விரதங்கள் உண்டு. ஈஸ்டருக்கு முன் 55 நாள். ஜனவரி 7ஆம் தேதி வரும் அவர்களுடைய கிறிஸ்துமஸுக்கு முன் நவம்பர் கடைசியில் தொடங்கி ஆறு வாரம். ஆகஸ்ட் 7ஆம் தேதி தொடங்கி இரண்டு வாரத்துக்கு மரியாளுக்கான விரதம். இதைக் குழந்தைகள்கூடப் பிடிப்பதுண்டு. ஈஸ்டர் தேதியும் நம் ஊர் தேவாலயங்களில் வருகிற அதே தேதி என்று நினைத்துவிடாதீர்கள். உதாரணமாக 2027இல் அங்கே ஈஸ்டர் மே 2.

இதற்கு நேர்மாறான ஒரு காலமும் இருக்கிறது. ஈஸ்டர் முடிந்த அடுத்த 50 நாட்களில் புதனும் கிடையாது, வெள்ளியும் கிடையாது. ஊரே இறைச்சி சாப்பிடும். கறி பிரியர்கள் அந்தச் சமயம் பார்த்துப் போகலாம். சைவக்காரர்கள் அதைத் தவிர்த்துவிட்டு, பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தைய விரதம் நடக்கும் மார்ச் மாதம் போவது நல்லது.

நான் சுத்த சைவம். பிழைத்துக்கொள்வேனா?

பிழைப்பது என்ன, விரத நாளில் ராஜா மாதிரி சாப்பிடலாம். நீங்கள் கேட்க வேண்டியது 'யேட்சோம் பேயாய்நெத்து'. ட்சோம் என்றால் விரதம் என்று மேலே சொன்னேன். பேயாய்நெத்து என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். ஒரு பெரிய வட்டத் தட்டு, அதன்மேல் இஞ்சேரா என்கிற புளித்த மாவு அடை, அதன்மேல் குவியல் குவியலாகக் குழம்பும் கறியும். சிவப்பாக இருப்பது 'மிசிர் வொட்', நம் மைசூர்ப் பருப்பைப் பெர்பெரே மிளகாய்ப்பொடி போட்டுக் கொதிக்கவைத்தது. மஞ்சளாக இருப்பது 'கிக் அலிச்சா', பட்டாணிப் பருப்பு, காரம் கிடையாது. நடுவில் ஷிரோ, அதாவது கடலை மாவுக் குழம்பு. சுற்றிலும் கீரை, முட்டைகோஸ், பீட்ரூட், பீன்ஸும் கேரட்டும் சேர்ந்த பொரியல். கல்யாணப் பந்தியில் இலை நிறைந்த மாதிரி இருக்கும்.

புதன், வெள்ளி அல்லாத மற்ற நாட்கள்தான் சிக்கல். முதல் பயணத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நன்றாகக் கொதித்துக்கொண்டு மண்சட்டியோடு வந்த ஷிரோவை ஆவலாகக் கிளறினேன். அடியிலிருந்து ஆட்டுக்கறித் துண்டு போல ஒன்று மேலே வந்தது. பரிமாறிய பெண்ணுக்கு என் முகம் மாறியது புரியவே இல்லை. "ஸ்பெஷல்!" என்றார் பெருமையாக. அது 'போசெனா ஷிரோ', கறி போட்ட ஷிரோ. விருந்தாளி என்று நல்லதாகவே கொடுத்திருக்கிறார். கறி இல்லாத ஷிரோவிலும் சாதாரண நாட்களில் 'கிபே' என்கிற தாளித்த நெய் இருக்கும். நெய்யில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் பிரச்சினை இல்லை. பால் பொருளே வேண்டாம் என்றால் கவனம் வேண்டும்.

அதனால் எந்தக் கிழமையானாலும் "சைவம்" என்று விளக்கப் புறப்படாதீர்கள். "யேட்சோம் அல்லெ?" என்று மட்டும் கேளுங்கள். விரதச் சாப்பாடு இருக்கிறதா என்று பொருள். 'அல்லெ' என்றால் இருக்கிறது, 'யெல்லெம்' என்றால் இல்லை. அந்த ஒரு சொல்லில் கறி, முட்டை, பால், நெய் நான்கும் அடிபட்டுப் போகும். பெரிய ஊர்களில் பல கடைகள் எல்லா நாளும் கொஞ்சமாவது விரதச் சாப்பாடு வைத்திருக்கின்றன. எதுவுமே அமையாத சின்ன ஊரில் தக்காளி போட்ட ஸ்பகெட்டி கிடைக்கும். 1936 முதல் 1941 வரை இத்தாலி ஆண்டுவிட்டுப் போனதன் மிச்சம் அது.

ஒரு எச்சரிக்கை: மீன் விரதத்தில் சேருமா சேராதா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. சில கடைகளில் விரதப் பட்டியலிலேயே மீன் இருக்கும். 'அசா' என்றால் மீன். காதில் விழுந்தால் உஷார்.

இஞ்சேரா என்பது தோசையா, ஆப்பமா?

ஆப்பத்துக்குத்தான் கிட்டத்தில் வரும். டெஃப் என்று ஒரு தானியம். கசகசாவை விடச் சின்னதாக இருக்கும். அதன் மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுவார்கள். சுடுவதற்கு முன் கொஞ்சம் மாவை எடுத்துக் கஞ்சியாகக் காய்ச்சி மறுபடி அதிலேயே ஊற்றுவார்கள். ஆப்பமாவுக்கு அரிசிக் கஞ்சி காய்ச்சி ஊற்றும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'மிதாத்' என்கிற அகலமான மண் கல்லில் வெளிவட்டத்திலிருந்து உள்ளே சுற்றி ஊற்றி, மூடி போட்டு, ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பார்கள். எண்ணெய் கிடையாது. மேலே நிறையக் குழிகள் விழும். அவற்றைக் கண்கள் என்பார்கள். கண் விழாத இஞ்சேராவை விருந்தாளிக்கு வைக்க மாட்டார்கள்.

முதல் வாயில் பலருக்கும் பிடிப்பதில்லை. புளிப்பு தூக்கலாக இருக்கும், ஆறிப்போய் வரும். தோசை மாதிரி சூடாக எதிர்பார்க்க வேண்டாம், அது ஆறித்தான் பரிமாறப்படும். மூன்றாவது நாள் நாக்கு பழகிவிடும்.

நிறத்தில் வெள்ளை, சிவப்பு, இரண்டும் கலந்தது என்று உண்டு. டெஃப்பில் குளூட்டன் (கோதுமை, வாற்கோதுமையில் இருக்கும் புரதம்) கிடையாது என்று நம்பி வருகிறவர்களுக்கு ஒரு சேதி: டெஃப் விலை அதிகம். மலிவான கடைகளில் வாற்கோதுமை, சோளம், அரிசி எல்லாம் கலப்பார்கள். குளூட்டன் ஒவ்வாதவர்கள் முழு டெஃப்தானா என்று கேட்டுச் சாப்பிட வேண்டும்.

நம்மோடு ஒரு நிஜமான உறவும் இருக்கிறது. நாம் களி கிண்டும் கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் முதலில் பயிராகி இந்தியா வந்த தானியம். அங்கே அதற்கு 'தகுசா' என்று பெயர். வடக்கே சில பகுதிகளில் இஞ்சேரா மாவில் சேர்ப்பார்கள், வீட்டு பீர் காய்ச்சவும் பயன்படும்.

எந்த மாதிரி கடையில் நுழைவது?

'மிகிப் பெத்' என்று கேளுங்கள். சாப்பாட்டு வீடு என்று பொருள். பெத் என்றால் வீடு, கடை எல்லாம்தான். 'புனா பெத்' காப்பிக்கடை, 'சிகா பெத்' கறிக்கடை, 'தெஜ் பெத்' தேன்மது விற்கும் இடம். இந்த நாலு சொல் இருந்தால் எந்த ஊரிலும் வழி கேட்டுப் போய்விடலாம்.

தலைநகர் அடிஸ் அபாபாவில் போலே விமான நிலையத்தைச் சுற்றி ஆட்டம் பாட்டத்தோடு சாப்பாடு போடும் பெரிய உணவகங்கள் இருக்கின்றன. தோளை மட்டும் குலுக்கி ஆடும் எஸ்கிஸ்தா நடனம் பார்க்க ஒருமுறை போகலாம். தினமும் அங்கேயே சாப்பிட்டால் பர்ஸ் காலியாவது தவிர ஊர் தெரியாது. மதியம் அலுவலகக் கூட்டம் எந்தச் சந்துக்குள் நுழைகிறது என்று பார்த்துப் பின்னாலேயே போங்கள். பெயர்ப்பலகை அந்த ஊர் அம்ஹாரிக் மொழியில் மட்டும் இருந்தாலும் கவலை வேண்டாம். பக்கத்து மேசைத் தட்டைக் காட்டிக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு கிடையாது.

கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?

இதில்தான் நான் அசடு வழிந்தேன். வெளியூர் கூட்டிப் போக வந்த ஓட்டுநர் "இரண்டு மணிக்கு வருகிறேன்" என்றார். நான் மதியம் இரண்டு மணிக்குப் பெட்டியோடு இறங்கினேன். அவர் காலை எட்டு மணியிலிருந்து வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். எத்தியோப்பியக் கடிகாரம் சூரிய உதயத்திலிருந்து எண்ணும். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒன்று. நம் மதியம் பன்னிரண்டு அவர்களுக்கு ஆறு. "ஆறு மணிக்குச் சாப்பாடு தயார்" என்று கடையில் சொன்னால் மதியச் சாப்பாட்டைச் சொல்கிறார்கள். ஆறு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், அல்லது "ஐரோப்பிய நேரமா, ஹபெஷா (எத்தியோப்பிய) நேரமா?" என்று கேட்டுவிடுங்கள். விரத நாளில் மதியக் கூட்டம் நம் ஒரு மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும்.

காலையில் என்ன சாப்பிடலாம்?

நேற்றைய இஞ்சேராவைப் பிய்த்துப் போட்டுக் காரக் குழம்பில் புரட்டிய 'ஃபிர்ஃபிர்'. நம் கொத்துப் பரோட்டாவின் சாதுவான தம்பி. மொச்சை போன்ற பயறை மசித்து வெங்காயம், பச்சைமிளகாய் தூவிய 'ஃபூல்', ரொட்டியோடு வரும். உடைத்த கோதுமையில் செய்யும் 'கின்செ' ஏறக்குறைய ரவை உப்புமா. 'கென்ஃபோ' கிடைத்தால் விடாதீர்கள்: களியைக் குவித்து நடுவில் குழி செய்து அதில் உருக்கிய நெய்யும் மிளகாய்ப்பொடியும் ஊற்றி வைத்திருப்பார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு உடம்பு தேறக் கொடுக்கும் பண்டம் அது. ஓரத்திலிருந்து எடுத்து நடுக்குழியில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

கையால்தானே சாப்பிடுகிறார்கள்? நமக்கு என்ன கஷ்டம்?

கஷ்டம் இல்லை, ஆனால் நம் பழக்கம் அப்படியே செல்லாது. வலதுகைதான். இஞ்சேராவைச் சின்னதாகக் கிழித்து, அதையே கரண்டியாக மடித்துக் கறியைக் கவ்வி எடுக்க வேண்டும். விரலில் குழம்பு படக்கூடாது, விரலை நக்கவும் கூடாது. ரசம் சோறு பிசையும் கைக்கு இது முதல் நாள் பெரிய பரீட்சை. எல்லோரும் ஒரே தட்டு. உங்களுக்கு முன்னால் இருப்பதைத்தான் எடுப்பீர்கள்.

சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவர் திடீரென்று ஒரு பெரிய கவளம் உருட்டி உங்கள் வாய்க்கு நேரே நீட்டுவார். இது 'குர்ஷா'. வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள். எச்சில், பத்து என்று யோசித்துக் கையை நீட்டி வாங்கினால் அவர் முகம் சுருங்கிப்போகும். ஒன்றோடு நிறுத்தவும் மாட்டார். கடைசியில் தட்டின் அடியில் எல்லாக் குழம்பும் ஊறிய இஞ்சேரா மிஞ்சும். ருசியெல்லாம் அங்கேதான் இருக்கிறது, வயிற்றில் இடம் வைத்திருங்கள்.

பச்சைக் கறி சாப்பிடுவார்களாமே?

ஆமாம், ஆசையாகச் சாப்பிடுவார்கள். 'கிட்ஃபோ' என்பது கொழுப்பில்லாத மாட்டுக்கறியைப் பொடியாகக் கொத்தி, தாளித்த நெய்யும் மித்மித்தா என்கிற சுள்ளென்ற பொடியும் சேர்த்துப் பச்சையாகவே தருவது. குராகே மக்களின் பண்டம். கூடவே உப்பில்லாத புதுப் பாலாடைக்கட்டியும் கீரையும் வரும். 'தெரே சிகா' இன்னும் ஒரு படி மேல்: கறித்துண்டும் கத்தியும் மட்டும் வரும், நீங்களே அறுத்து மிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

நாடாப்புழு ஆபத்து நிஜமானது. அந்த ஊர்க்காரர்களுக்கும் தெரியும். 'கோசோ' மரத்தின் பூவைத்தான் காலங்காலமாகப் புழு மருந்தாகக் குடித்துவந்தார்கள். கிட்ஃபோ ருசிக்க ஆசை என்றால் 'யெபெசெலே' என்று கேளுங்கள், நன்றாக வேகவைத்துத் தருவார்கள். 'லெப் லெப்' என்றால் லேசாகச் சூடு காட்டியது மட்டும். அதில் புழு சாகாது.

டோரோ வொட் எங்கே நல்லது?

யாராவது வீட்டில். இதுதான் என் பதில். கிலோக்கணக்கில் வெங்காயத்தை எண்ணெய் ஊற்றாமல் மணிக்கணக்கில் வதக்கி, பெர்பெரே சேர்த்து, கோழியைப் பன்னிரண்டு துண்டாக்கிப் போட்டு, அவித்த முட்டையும் இறக்கிச் செய்யும் பண்டிகைக் குழம்பு அது. ஈஸ்டர் இரவு பூசை முடிந்து விடியுமுன் 55 நாள் விரதத்தை இதில்தான் முடிப்பார்கள். கடையில் எல்லா நாளும் இருக்காது. இருந்தாலும் வெங்காயம் பொறுமையாக வதங்கியிருக்காது.

ஹலால் கிடைக்குமா?

தாராளமாக. அதே 2007 கணக்கில் முஸ்லிம்கள் 33.9 சதவீதம். கிறிஸ்தவர்கள் அறுத்ததை முஸ்லிம்கள் சாப்பிடுவதில்லை, முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறிஸ்தவர்களும் சாப்பிடுவதில்லை. கடைகளும் அப்படியே பிரிந்திருக்கும். கடை யாருடையது என்று கேட்டாலே விஷயம் தெரிந்துவிடும். பன்றிக்கறி இரண்டு தரப்புக்கும் ஆகாது.

காப்பிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

வீட்டில் கூப்பிட்டால் ஒன்றரை மணி நேரமாவது. தரையில் பச்சைப் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் காப்பிக்கொட்டையைக் கழுவி உங்கள் எதிரிலேயே வறுப்பார்கள். வறுத்த சட்டியைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே காட்டுவார்கள். கையால் புகையை இழுத்து முகர்ந்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்ட வேண்டும். அப்புறம் இடித்து, 'ஜெபெனா' என்கிற நீண்ட கழுத்துள்ள கறுப்பு மண்கூஜாவில் காய்ச்சி, கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். கூடவே சோளப்பொரி.

மூன்று சுற்று உண்டு: அபோல், தோனா, பரக்கா. அதே தூளில் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றுவதால் ஒவ்வொரு சுற்றும் இளகிக்கொண்டே வரும். மூன்றாவதில்தான் ஆசீர்வாதம் என்பதால் நடுவில் எழுந்துபோவது அழகில்லை. பால் கேட்காதீர்கள். ஃபில்டர் காப்பிக்கு நாக்கு ஏங்கினால் கடையில் 'மக்கியாத்தோ' சொல்லுங்கள், தெருவுக்கு இரண்டு கடை இருக்கும். அவசரக்காரர்களுக்கு நடைபாதையிலேயே முக்காலி போட்டு ஜெபெனாவோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அந்த நடைபாதைக் காப்பிதான் பிடிக்கும்.

அடிஸ் அபாபாவை விட்டு வெளியே போனால் சாப்பாடு மாறுமா?

நன்றாகவே மாறும். டானா ஏரிக்கரையில் இருக்கும் பஹிர் தாரில் மீனை முழுசாகப் பொரித்துத் தருவார்கள். கிழக்கே ஹரார் முஸ்லிம் நகரம்; அங்கே ஒட்டகக்கறி உண்டு, காப்பி இலையில் டீ போடுவதும் உண்டு. தெற்கே போனால் இஞ்சேராவே பின்னுக்குப் போய்விடும். அங்கே 'என்செத்' ராஜ்ஜியம். பார்த்தால் நம் வாழைமரம்தான், ஆனால் பழம் தின்ன உதவாது. தண்டையும் கிழங்கையும் சுரண்டி, இலையில் பொதிந்து குழியில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவைத்து, அதிலிருந்து 'கோச்சோ' என்ற ரொட்டி சுடுவார்கள். அர்பா மிஞ்ச் பக்கத்து மலையில் டோர்செ கிராமத்தில், சுரண்டுவது முதல் சுடுவது வரை பார்த்துவிட்டு, தேனும் மிளகாய்த் துவையலும் தொட்டுச் சாப்பிடலாம். வாழையைத் தலை முதல் கால் வரை தின்கிற நமக்கே இது தோன்றவில்லையே என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன்.

கிளம்புமுன் எந்தப் பகுதி பாதுகாப்பாக இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கே சமீப ஆண்டுகளில் சண்டை நடந்திருக்கிறது. நிலைமை மாறிக்கொண்டே இருக்கும்.

தண்ணீர், வயிறு?

பாட்டில் தண்ணீர். வாயு நிரம்பிய 'அம்போ' ஊற்றுநீர் புளித்த சாப்பாட்டுக்கு நல்ல துணை. பேயாய்நெத்துத் தட்டில் வேகவைக்காத தக்காளி சாலட் வந்தால் முதல் இரண்டு நாள் ஒதுக்கிவையுங்கள். அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஊட்டியைவிட உயரம். மாடி ஏறினாலே மூச்சு வாங்கும், ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டால் தூக்கம் வராது. தேனில் செய்த 'தெஜ்' ஜூஸ் மாதிரி இனிக்கும். அதை நம்பி இரண்டாவது குடுவைக்குப் போகாதீர்கள். குடிக்காதவர்கள் ஜூஸ் கடையில் 'ஸ்ப்ரிஸ்' கேளுங்கள். அவகாடோ, மாம்பழம், பப்பாளி அடுக்கடுக்காக நிற்கும், எலுமிச்சை பிழிந்து கரண்டியால்தான் சாப்பிட முடியும்.

என்ன வாங்கி வரலாம்?

பெர்பெரே, ஷிரோ மாவு, பச்சைக் காப்பிக்கொட்டை. பெர்பெரேயில் மிளகாயோடு இஞ்சி, பூண்டு, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், அந்த ஊர்ப் பெரிய ஏலக்காய் எல்லாம் இருக்கும். அடிஸ் அபாபாவின் மெர்காத்தோ சந்தையில் குவித்து விற்பார்கள், பர்ஸை முன்பக்கம் வைத்துக்கொண்டு போங்கள். மூன்று உறை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். நான் ஒரு உறையோடு விட்டதில் பெட்டியிலிருந்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம் இப்போது காவி.

அவ்வளவு தூரம் போக முடியாது. வேறு எங்கே சாப்பிடலாம்?

துபாயில் இருப்பவர்கள் தேரா பக்கம் தேடலாம். டொராண்டோவில் டான்ஃபோர்த், புளூர் தெருக்களிலும் எத்தியோப்பியக் கடைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் எத்தியோப்பியச் சாப்பாட்டுக்கு வாஷிங்டன் நகரம்தான் தலைநகர். புதனோ வெள்ளியோ போய் "யேட்சோம் அல்லெ?" என்று கேட்டுப் பாருங்கள். கல்லாவில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.